இரண்டு பை முழு ரத்தம்

கோடை விழாவின் இரண்டாவது சனிக்கிழமை ஏற்காட்டில் நகர்ந்தது மேகம் மட்டும்தான். மேலே வருகிற வண்டிகள் அடிவாரம் வழி, இறங்குகிறவை குப்பனூர் வழி என்று போலீஸ் பிரித்துவிட்டிருந்தும், காலை பத்து மணிக்கே இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டன. ஏரியைச் சுற்றி நின்ற கார்களின் ஹாரன் சத்தம் ஆஸ்பத்திரி லேப் வரைக்கும் கேட்டது.

அந்த லேப்பில் கனகா பதினேழு வருடமாக வேலை பார்க்கிறாள். சர்க்கரை, மலேரியா, மஞ்சள் காமாலை என்று எதையும் ஒரு துளி ரத்தத்தில் பார்த்துச் சொல்கிற வேலை. மூன்று வருடத்துக்கு முன் இன்னொரு பொறுப்பும் சேர்ந்தது. முப்பது படுக்கை கொண்ட அந்த டிரஸ்ட் ஆஸ்பத்திரிக்கு ரத்தச் சேமிப்பு அனுமதி கிடைத்தது. சேலத்திலிருந்து ரத்த வங்கி தருகிற பைகளை வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ளலாம், வேண்டியவர்களுக்கு ஏற்றலாம். ஆனால் யார் கையிலிருந்தும் எடுக்கக் கூடாது. அதுதான் அனுமதி.

வங்கி தந்துகொண்டிருந்தது இரண்டே இரண்டு பை. அதுவும் சிவப்பணு மட்டும். கீழே சேலத்தில் வங்கிக்கு வருகிற ஒவ்வொரு பை ரத்தத்தையும் சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு என்று மூன்றாகப் பிரித்துவிடுவார்கள். ஒருவர் கொடுத்தது மூன்று பேருக்குப் போகும். நல்ல ஏற்பாடுதான், கனகாவுக்கு அதில் குறையில்லை. ஆனால் வெட்டுப்பட்டு ரத்தம் கொட்டிக்கொண்டிருப்பவனுக்கு மூன்றும் ஒன்றாக, அப்போதே வேண்டும். வெறும் சிவப்பணுவில் ரத்தத்தை உறையவைக்கிற சங்கதி கிடையாது. பிளாஸ்மாவை ஐஸாக்கி வைக்கிற பெட்டியோ, தட்டணுவை ஆட்டிக்கொண்டே இருக்கிற மிஷினோ மலையில் இல்லை. அதனால்தான் பிரிக்காத முழு ரத்தம் இரண்டு பையாவது கொடுங்கள் என்று அவள் கேட்டாள். ஐந்து கடிதம் எழுதினாள். நான்குக்குப் பதில் இல்லை. ஐந்தாவதற்கு, பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு வரி வந்தது.

பதினொன்றே முக்காலுக்கு ஒரு பிக்அப் வண்டி ஹாரனை அழுத்திய கை எடுக்காமல் வாசலுக்குள் வந்தது. பின்னால் பதினோரு பேர். நடுவில் சின்னத்தம்பி கிடந்தான். தலைச்சோலைக்காரன், முப்பத்தாறு வயது, சொந்தமாக ஒன்றரை ஏக்கர் காபி. மழைக்கு முன் நிழல் கழிக்க சில்வர் ஓக் மரத்துக் கிளைகளை மெஷின் ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தபோது ரம்பம் எகிறி வலது தொடையின் உள்பக்கம் இறங்கிவிட்டது. கூட இருந்த அவன் மனைவியின் அண்ணன் பொன்னுவேல், தலைத்துண்டை அவிழ்த்துத் தொடையின் மேல்பக்கம் கட்டி, ஒரு காபிக் குச்சியைச் செருகி முறுக்கியிருந்தான். வழியெல்லாம் அந்தக் குச்சியை விடாமல் பிடித்திருந்ததில் அவன் விரல்கள் விறைத்துப்போய், இறக்கும்போது அவற்றைப் பிரிக்கவே முடியவில்லை. சாதாரண நாளில் இருபது நிமிடத் தூரம். அன்று ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

டாக்டர் சுதாராணி பிரசவ டாக்டர். பெரிய வெட்டுக்காயம் அவள் வேலையில்லை. ஆனால் அன்று இருந்த ஒரே டாக்டர் அவள்தான். தொடைக்குச் சரியான பட்டை போட்டு இறுக்கி, காயத்தைத் திறந்து, கண்ணுக்குத் தெரிந்த பெரிய ரத்தக்குழாய்களைப் பிடித்துக் கட்டினாள். கனகா இரண்டு பை சிவப்பணுவையும் எடுத்துக் கொடுத்தாள். இரண்டும் இருபது நிமிடத்தில் உள்ளே போயின. கூடவே நாலு பாட்டில் சலைன். அறுபதில் இருந்த பிரஷர் எண்பதுக்கு ஏறியது, மறுபடி அறுபதுக்கு இறங்கியது.

கனகா அவன் ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்துச் சட்டைக்குள், உடம்புச் சூட்டில் வைத்திருந்தாள். நல்ல ரத்தமென்றால் பத்து நிமிடத்தில் குழாயைச் சாய்த்தாலும் அசையாது. பதினைந்து நிமிடம் கழித்து எடுத்துச் சாய்த்தாள். தண்ணீராக ஓடியது. அதற்குள் டாக்டரே சொல்லியனுப்பினாள். கட்டிய இடத்தில் கசியவில்லை, கட்டாத இடத்திலெல்லாம் கசிகிறது, சதை முழுக்க ஊற்றெடுக்கிற மாதிரி இருக்கிறது என்று.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்கள். குப்பனூர் இறக்கத்தில் டூரிஸ்ட் பஸ் ஒன்று வளைவில் குறுக்கே மாட்டிக்கொண்டதாகவும், எடுக்க ஒன்றரை மணி நேரமாவது ஆகும் என்றும் டிரைவர் சொன்னார். அடிவாரம் பக்கம் எதிரே ஏறும் வண்டிகள் இரண்டு வரிசையாக நின்றன. போலீஸ் ஒதுக்கித் தருவதாகச் சொன்னது, எதை எங்கே ஒதுக்கும் என்று சொல்லவில்லை.

கனகா ரத்த வங்கிக்குப் போன் போட்டாள். அங்கே எடுத்தவர் மரியாதையாகவே பேசினார். முழு ரத்தம் என்று நாங்கள் வைப்பதே இல்லை, வந்த அன்றே பிரித்துவிடுகிறோம் என்றார். சிவப்பணு நாலு, பிளாஸ்மா நாலு தரலாம், ஆனால் நோயாளியின் ரத்த மாதிரியும் டாக்டர் கையெழுத்துப் போட்ட படிவமும் நேரில் வர வேண்டும், பிளாஸ்மா உருக அரை மணி நேரம் ஆகும் என்றார். படிவத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றாள். அசல் வேண்டும் என்றார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அசலை எழுதி, மாதிரியோடு ஆஸ்பத்திரி டிரைவர் அண்ணாதுரையிடம் கொடுத்து மோட்டார் பைக்கில் விரட்டினாள். போக ஒரு மணி, அங்கே அரை மணி, வர ஒரு மணி. இரண்டரை மணி நேரம் சின்னத்தம்பியிடம் இல்லை. அது அவளுக்கும் தெரியும், பைக்கை உதைத்த அண்ணாதுரைக்கும் தெரியும்.

திரும்பி வந்தபோது லேப் வாசலில் அந்தப் பதினோரு பேரும் நின்றிருந்தார்கள். சட்டைக்கையை ஏற்கெனவே மடித்துவிட்டிருந்தார்கள்.

“ஏனுங்க, எங்க கையில எடுங்க,” என்றான் பொன்னுவேல். “ஜனவரியில கேம்ப் போட்டப்ப எடுத்தீங்கல்லங்க. அதே கைதானுங்க.”

அவன் சொன்னது உண்மை. வருடா வருடம் பொங்கல் கழித்து ரத்த வங்கிக்காரர்கள் வேனில் வந்து இதே ஆஸ்பத்திரி வராந்தாவில் முகாம் போடுவார்கள். தலைச்சோலை, செம்மநத்தம், வெள்ளக்கடை என்று எல்லா ஊரிலிருந்தும் வருவார்கள். அந்த வருடம் மலை கொடுத்தது அறுபத்து மூன்று பை. வேன் அதை ஏற்றிக்கொண்டு கீழே போனது.

கனகா அவர்களுக்குச் சட்டத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். எடுக்கிற அனுமதி எங்களுக்கு இல்லை, வங்கிக்காரர்கள் எடுத்தால்தான் செல்லும், எல்லையில் பட்டாளத்துக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு என்று பாதி சொல்லும்போதே, தன் வாயே தனக்குப் பிடிக்காமல் நிறுத்தினாள். ஐந்து கடிதத்தில் அவள் எதை எதிர்த்து எழுதினாளோ அதையே இப்போது இவர்களிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தின் பின்னாலிருந்து அருக்காணி என்ற பெண், “அப்ப அந்தாளு சாகட்டும்னுங்களா?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

கனகா உள்ளே போய் டாக்டரை வெளியே அழைத்தாள்.

முகாம்காரர்கள் ஜனவரியில் ஒரு அட்டைப்பெட்டியை மறந்துவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே பிரிக்காத உறையில் ஆறு காலி ரத்தப் பைகள், உறையாமல் வைக்கும் மருந்தோடு. வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி இரண்டு முறை போன் செய்தும் யாரும் வரவில்லை. காலாவதிக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. கனகா அதைச் சொன்னாள். எய்ட்ஸ், மஞ்சள் காமாலை இரண்டு வகை, பால்வினை நோய், மலேரியா ஐந்துக்கும் உடனடிச் சோதனை அட்டை இருப்பதையும் சொன்னாள். வங்கிச் சோதனை அளவுக்கு அது நம்பகமில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னாள். இவர்கள் எல்லோரும் நாலு மாதத்துக்கு முன் வங்கியில் முழுச் சோதனை முடித்தவர்கள், ஆனால் நாலு மாதம் நாலு மாதம்தான் என்றாள்.

சுதாராணிக்கு முப்பத்து மூன்று வயது. கையுறையில் முழங்கை வரை ரத்தம். சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“அக்கா, இது பெருசானா நம்ம ரெண்டு பேருக்கும் என்ன ஆகும்?”

“எனக்கு வேலை போகும். உங்களுக்கு விசாரணை வரும். ஆஸ்பத்திரிக்கு அந்தக் குளிர்பெட்டி போயிரும்.”

“ஏத்தலைன்னா?”

“அரை மணி நேரங்க டாக்டர். அதுக்கு மேல இல்ல.”

டாக்டர் தலையாட்டினாள். எழுதித் தருகிறேன், என் பொறுப்பில் என்று எழுதுகிறேன் என்றாள். எழுதுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், நீங்கள் உள்ளே போங்கள் என்றாள் கனகா.

சின்னத்தம்பி பி பாஸிட்டிவ். பதினோரு பேரில் அந்த வகை இரண்டே பேர்தான்: பொன்னுவேலும் அருக்காணியும். அருக்காணியின் தோட்டமும் சின்னத்தம்பியின் தோட்டமும் அடுத்தடுத்தவை. வேலியை யார் நகர்த்தியது என்ற தகராறில் ஒன்றரை வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. அவள் எதற்கு வண்டியில் ஏறினாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. கிளை முறிகிற சத்தமும் அலறலும் கேட்டு முதலில் ஓடியவள் அவள்தான். கனகா அவள் ரத்தத்தில் ஹீமோகுளோபின் போதுமா என்று பார்த்தாள், பிரஷர் பார்த்தாள், சாப்பிட்டாயா என்று கேட்டாள். காலையில் களி சாப்பிட்டதாகச் சொன்னாள்.

இருவரின் ரத்தத்தையும் சின்னத்தம்பியின் ரத்தத்தோடு சேர்த்துப் பொருந்துகிறதா என்று பார்த்தாள். பொருந்தியது. ஆளுக்கு ஐந்து சோதனை அட்டை. எல்லாவற்றிலும் ஒற்றைக் கோடுதான் வரவேண்டும், இரண்டாவது கோடு வந்தால் நோய். அட்டை பதில் சொல்ல எடுக்கிற அந்தப் பதினைந்து நிமிடம்தான் அவள் வாழ்க்கையிலேயே நீளமானது. உள்ளே பிரஷர் ஐம்பது என்று நர்ஸ் வந்து சொன்னாள். இன்னும் ஆறு நிமிடம் என்று கனகா சொன்னாள். ஒரு நிமிடம் மிச்சமிருக்கும்போதே ரத்தம் எடுக்க ஆரம்பித்துவிடலாம் என்று தோன்றியது. எடுக்கவில்லை. இரண்டாவது கோடு எதிலும் வரவில்லை.

பொன்னுவேலிடமிருந்து முந்நூற்றைம்பது மில்லி எட்டு நிமிடத்தில் பைக்குள் வந்தது. வெதுவெதுப்பாக இருந்த அந்தப் பையைக் கையில் ஏந்தி அவளே ஓடினாள். குளிர்பெட்டிப் பைகளைத் தூக்கித் தூக்கிப் பழகிய கைக்கு அந்தச் சூடு புதிதாக இருந்தது. அதை ஏற்றும்போதே அருக்காணியின் பையும் நிறைந்துகொண்டிருந்தது.

இரண்டாவது பை பாதி போனபோது டாக்டர் காயத்தில் வைத்து அழுத்தியிருந்த துணியை மெல்ல எடுத்தாள். சதை சிவந்திருந்தது, ஆனால் ஊறவில்லை. காயத்தின் ஓரத்தில் கருஞ்சிவப்பாக ஒரு கட்டி உறைந்து ஒட்டியிருந்தது. கனகா தன் கண்ணாடிக் குழாயில் தேடியது அதைத்தான். பிரஷர் எண்பத்தெட்டு. அப்புறம் தொண்ணூற்று நாலு. அதிலேயே நின்றது.

இரண்டு மணிக்கு பஸ்ஸை நகர்த்திவிட்டார்கள் என்று செய்தி வந்தது. சின்னத்தம்பியை ஏற்றி அனுப்பினார்கள். போனில் சொல்லிக் குப்பனூர் பக்கம் திருப்பிவிட்டதால், அண்ணாதுரை கொண்டுவந்த பிளாஸ்மா அந்தச் சாலையிலேயே ஆம்புலன்ஸில் கைமாறியது. போகுமுன் டாக்டர் பரிந்துரைச் சீட்டில் நடந்ததையெல்லாம் எழுதினாள். இரண்டு பை புதிய முழு ரத்தம் ஏற்றப்பட்டது என்ற வரியை எழுதுமுன் கனகாவின் முகத்தைப் பார்த்தாள். கீழே இருக்கும் டாக்டர்களுக்குத் தெரியாமல் போனால் அவனுக்குத்தான் ஆபத்து, எழுதுங்கள் என்றாள் கனகா.

அந்த வரிதான் வினை ஆயிற்று.

சேலத்தில் ரத்தக்குழாயை ஒட்டிய சர்ஜன், சுதாராணிக்குப் போன் செய்து, மேலே அந்த ரத்தம் ஏற்றியிருக்காவிட்டால் எனக்கு வேலை இருந்திருக்காது என்றார். கால் தப்பியது, ஆள் பதினெட்டாம் நாள் வீட்டுக்குப் போனான். அதே சீட்டின் நகல், ரத்த அனுமதி தருகிற அலுவலகத்தில் வேறொரு மேஜைக்கும் போனது. மூன்றாவது வாரம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. கனகா எழுதிய ஐந்து கடிதத்துக்கு மூன்று வருடத்தில் ஒரு வரி. இதற்கு மட்டும் மூன்றே வாரத்தில் நாலு பக்கம்.

விசாரணைக்குச் சேலம் போனார்கள். விசாரித்த அதிகாரி ஐம்பது வயதுப் பெண், கெட்டவர் இல்லை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். சோதனை அட்டைகளின் போட்டோக்களைப் பார்த்தார். கனகா மறக்காமல் எடுத்துவைத்த நேரக் குறிப்பைப் படித்தார். பிறகு பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்.

“நீங்க செஞ்சது தப்புன்னு என் மனசு சொல்லலைம்மா. ஆனா சரின்னு நான் எழுத முடியாது. இன்னிக்கு உங்களுக்கு எழுதினா, நாளைக்குச் சோதனையே பண்ணாம எடுக்கிறவன் அதைக் காட்டுவான்.”

அதில் நியாயம் இருந்தது. அதுதான் கனகாவுக்கு ஆத்திரமாக வந்தது. முட்டாள்தனமாக ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

“சரின்னு எழுத வேண்டாங்க. எங்களுக்கு நாலு பை வேணும், அதுல ரெண்டு முழு ரத்தம் வேணும்னு எழுதுங்க. அத எழுத முடியுமில்லீங்க?”

அது இந்த விசாரணைக்குள் வராது என்றார் அதிகாரி.

டாக்டருக்கு எச்சரிக்கை. கனகாவின் வேலை போகவில்லை, இரண்டு வருடத்து ஊதிய உயர்வு போனது. சேமிப்பு அனுமதி நாலு மாதத்துக்கு நிறுத்தம். குளிர்பெட்டியை அணைத்துச் சீல் வைக்கச் சொன்னார்கள். இரண்டே பைதான் இருந்தது என்று குறைப்பட்டவள், இப்போது அந்த இரண்டும் இல்லாத பெட்டியைக் கடந்து தினமும் லேப்புக்குள் போனாள்.

ஆகஸ்டில், மூன்றாவது மாதம், வெள்ளக்கடையிலிருந்து கவிதா என்று ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். இருபத்தெட்டு வயது. மழையில் ஸ்கூட்டர் வழுக்கி ஹேண்டில் வயிற்றில் குத்தியிருந்தது. வெளியே ஒரு துளி ரத்தம் இல்லை, எல்லாம் உள்ளே. சாலை காலியாக இருந்தது, ஆம்புலன்ஸ் பத்து நிமிடத்தில் வந்தது. ஆனால் ஏற்றி அனுப்ப சலைன் தவிர வேறெதுவும் இல்லை. கனகா அவள் ரத்த வகையைப் பார்த்துக் கீழே போனில் சொல்லிவைத்தாள். கவிதா அடிவாரம் சேருமுன் இறந்துவிட்டாள். பை இருந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது என்றாள் டாக்டர். கனகாவும் அதை அறிவாள்.

சாவுக்குப் போய்விட்டு வந்த பொன்னுவேல் நேராக லேப்புக்கு வந்தான். மூன்று ஊரும் கூடிப் பேசிவிட்டோம், வருகிற ஜனவரியில் ஒருவரும் கை நீட்டப்போவதில்லை, வேன் காலியாகத்தான் இறங்கும் என்றான். அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்து வந்திருந்தான்.

“கீழ சாகறதும் ஒரு கவிதாதான பொன்னுவேலு,” என்றாள் கனகா. “அவ என்ன பாவம் பண்ணுனா?”

“அப்ப நாங்க என்ன பண்றதுங்க? சும்மா குடுத்துட்டே இருக்கறதுங்களா?”

கொடுக்காதே என்று சொல்ல அவளால் முடியவில்லை. கொடு என்று சொல்லவும் வாய் வரவில்லை. கடைசியில் அவன் சொன்னதையே ஒரு மனுவாக எழுதச் சொன்னாள். இங்கே இரண்டு பை முழு ரத்தம் வைக்காவிட்டால் முகாமுக்கு வர மாட்டோம் என்று. முந்நூற்றுப் பதினாறு பேர் கையெழுத்து வைத்தார்கள். அருக்காணி வைத்தாள், அவளுக்கு அடுத்த வரியில் சின்னத்தம்பி வைத்தான். வேலித் தகராறு மட்டும் அப்படியேதான் இருந்தது. ரத்தம் கொடுத்தது வேறு, வேலி வேறு என்று அருக்காணி எல்லோரிடமும் தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கனகாவின் ஐந்து கடிதம் செய்யாததை அந்த மனு பாதி செய்தது. அக்டோபரில் உத்தரவு வந்தது. சேமிப்பு அனுமதி திரும்பக் கிடைக்கிறது, பை எண்ணிக்கை நாலாகிறது, அதில் இரண்டு, பரீட்சார்த்தமாக ஆறு மாதத்துக்கு, முழு ரத்தம். மலையில் எடுக்கும் அனுமதி பற்றி ஒரு வார்த்தை இல்லை.

டாக்டர் சுதாராணி கடிதத்தைப் படித்துவிட்டு நர்ஸ்களைக் கூப்பிட்டுச் சொன்னாள். யாரோ கை தட்டினார்கள். கனகா இரண்டாவது பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். பைகளை அனுப்புமுன், கடந்த மூன்று மாதத்தில் குளிர்பெட்டி தினமும் எத்தனை டிகிரியில் இருந்தது என்ற பதிவைத் தேதிவாரியாக அனுப்ப வேண்டும் என்று அதில் இருந்தது.

அந்த மூன்று மாதமும் பெட்டி அவர்கள் வைத்த சீலோடு அணைந்து கிடந்தது. போன் செய்தாள். அது விதி, காலியாக விட முடியாது, ஏதாவது எழுதித்தான் அனுப்ப வேண்டும் என்றார்கள்.

அவள் புதுத் தாளை எடுத்துக் கோடு போட்டாள். ஜூலை முதல் தேதி என்று எழுதி, அதற்கு நேரே, ‘உங்கள் உத்தரவுப்படி அணைக்கப்பட்டிருந்தது’ என்று எழுதினாள். இரண்டாம் தேதிக்கும் அதையே எழுதினாள். மேற்படி என்று போட்டால் திருப்பி அனுப்புவார்கள் என்று அவளுக்குத் தெரியும். தொண்ணூற்றிரண்டு வரி. கை வலித்தது. ஆகஸ்டில் கவிதா வந்த தேதியில் மட்டும் சற்று நேரம் பேனா நின்றது. பிறகு அந்த வரியையும் அதே போல எழுதிவிட்டு அடுத்த தேதிக்குப் போனாள்.